அந்த நாவக்கன்றைக் கொன்றது யார்?

என் மகள் ரெண்டாம் வகுப்பு படிச்சப்ப நடந்தது இது. பள்ளிக்கூடம் திறந்து நாலஞ்சு நாள் இருக்கும். சாயங்காலம் வேன்ல இருந்து இறங்கினதும் பையைத் திண்ணையில வீசிட்டு ஓடி வந்தா. "அப்பா, நான் மரம் நட்டேன்ப்பா! நாவ மரம்!" கையில மண் இல்லை. யூனிபார்ம்ல ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரலை. "சபாஷ் தாயி"ன்னு தலையைத் தடவிட்டு மாட்டைப் பிடிச்சுக் கட்டப் போயிட்டேன்.

சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5. அன்னைக்குப் பள்ளிக்கூடம் திறக்கலைன்னா, திறந்ததும் ஒரு நாள் கொண்டாடிடுவாங்க. காம்பவுண்டு சுவர் ஓரமா வரிசையாக் குழி. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பிள்ளையோட பேரு எழுதின அட்டை. என் மகள் பேரும் ஒரு அட்டையில இருந்துச்சு. அவ அதை எவ்வளவு பெரிசா எடுத்துக்கிட்டான்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. தினமும் குடிக்கக் கொண்டுபோற தண்ணியில பாதியை அந்தக் கன்றுக்கு ஊத்தியிருக்கா. சனி, ஞாயிறு கேட்டைப் பூட்டிடுவாங்க. அந்த ரெண்டு நாளும் "என் மரம் தாகத்தோட இருக்குமேப்பா"ன்னு புலம்பிக்கிட்டே இருப்பா.

ஆடிக் காத்து ஆரம்பிச்சப்ப கன்று காஞ்சு குச்சியாப் போச்சு. ஒரு நாள் ராத்திரி படுக்கையில, தூங்கிட்டான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இருட்டுல கேட்டா: "நான் சரியாத் தண்ணி ஊத்தலையாப்பா? நான்தான் கொன்னுட்டேனா?"

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். அதுக்குப் போனவன், அவளையும் கூட்டிக்கிட்டு அந்தச் சுவர் ஓரத்துக்குப் போனேன். குச்சியைப் பிடிச்சு லேசா இழுத்தேன். வேரோட, மண்ணோட, முழுசா வந்துருச்சு. நர்சரிக்காரன் கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்துச்சு. கவரைக் கிழிக்காமலே குழியில இறக்கி மேல மண்ணைத் தள்ளியிருக்காங்க. உள்ள வேர் போக வழி இல்லாம வட்டம் வட்டமாச் சுத்திக் கிடந்துச்சு. பக்கத்துல இன்னும் நாலு கன்றைத் தொட்டுப் பார்த்தேன். அதுல மூணு இதே கதை.

அவ அந்தக் கவரையே பார்த்துக்கிட்டு நின்னா. "கவரைக் கழட்டவே இல்லையேப்பா…" அவ்வளவுதான் சொன்னா. தான் கொல்லலைங்கிற நிம்மதி முகத்துல வந்துச்சு. கூடவே இன்னொண்ணும் வந்துச்சு. பெரியவங்க செய்யுறதை இனிமே அப்படியே நம்ப வேண்டியதில்லைங்கிற ஒரு பார்வை. ஏழு வயசுப் பிள்ளைக்கு அது வரக்கூடாத பார்வை.

அந்த டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில பத்தரைக்குக் கன்று வந்து இறங்கியிருக்கு. பதினோரு மணிக்குச் சிறப்பு விருந்தினர். நடுவுல அரை மணி நேரம். அதுக்குள்ள குழி வெட்டி, அட்டை எழுதி, பேனர் கட்டி, பிள்ளைகளை வரிசையில நிறுத்தணும். கடப்பாறை பிடிச்சது வாட்ச்மேன். பிள்ளைகள் செஞ்சது, கன்றை விரல்ல தொட்டுக்கிட்டுப் போட்டோவுக்குச் சிரிச்சது.

தேதியிலயே ஒரு கோளாறு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். ஜூன் 5 எப்படி வந்துச்சுன்னா, 1972-ல ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம்ல ஐக்கிய நாடுகள் சபை சுற்றுச்சூழலுக்காக மாநாடு கூட்டுச்சு. அது தொடங்கின நாள் அது. ஸ்வீடனுக்கு ஜூன் நல்ல மாசம். கேரளாவுக்கும் நல்ல மாசம், தென்மேற்குப் பருவமழை இறங்குற நேரம். எங்க சிவகங்கைச் சீமைக்கு அது என்ன மாசம்? அக்னி நட்சத்திரம் முடிஞ்சும் வெயில் முடியாத மாசம். சரளை மண்ணு, கடப்பாறை போட்டாத் தீப்பொறி பறக்கும். அதுக்குப் பின்னால ஆடிக் காத்து, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிட்டுப் போயிடும். ஆவணி, புரட்டாசியில சாயங்காலம் இடி இடிச்சுக் கொஞ்சம் மழை வரும். அசல் மழைன்னா அக்டோபருக்கு மேல, ஐப்பசி, கார்த்திகை. எங்க ஊர்ல புத்தி இருக்கிற எவனும் ஆனி மாசம் மானாவாரியா ஒரு கன்றை நட மாட்டான். நட்டா ஒரு வருஷம் குடம் சுமக்கத் தயாரா இருக்கணும். அதே நாவக்கன்றைப் புரட்டாசி கடைசியில நட்டுப் பாருங்க. மூணு மாசம் வானமே பார்த்துக்கும்.

பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் சொல்லித்தரணும்னு எல்லாருமே ஒத்துக்கிறோம். 1991-லயே உச்ச நீதிமன்றம் இதைப் பாடமா வைக்கணும்னு சொல்லிருச்சு. தேசிய பசுமைப் படைன்னு பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மன்றம் இருக்கு. சின்ன வகுப்புல சூழ்நிலையியல்னு புத்தகமே இருக்கு, படம் எல்லாம் அழகா இருக்கும். குறை பாடத்துல இல்லை. பூமியைக் காப்போம்னு ஒரு புராஜெக்ட் கொடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி அப்பன் டவுனுக்கு வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் ஒரு தெர்மாகோல் உருண்டை, பச்சைப் பெயிண்ட், நீலப் பெயிண்ட், ஜிகினா வாங்கி வருவான். அம்மா உட்கார்ந்து பூமி செய்வா. பிள்ளை தூங்கிரும். திங்கக்கிழமை அதுக்கு மார்க்கு வரும். செவ்வாய்க்கிழமை அந்தப் பூமி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால குப்பையோட சேர்ந்து எரியும். நான் கண்ணால பார்த்தது. ஒரு டஜன் பூமி ஒரே நேரத்துல எரிஞ்சுது.

இதைப் படிக்கிற நகரத்து ஆட்கள், "கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை, இயற்கையோடயே வளருதுங்க"ன்னு நெனப்பீங்க. என்னைப் பார்க்க வர்ற ஒவ்வொருத்தரும் அதைத்தான் சொல்றாங்க. அது பொய்ங்க. நான் இயற்கையோடதான் வளர்ந்தேன். என் கால்சட்டைப் பையில எப்பவும் கவட்டை இருக்கும், உங்க பக்கம் உண்டிவில்லும்பீங்க. நான் அடிச்ச ஓணானுக்குக் கணக்கில்லை. தும்பி வாலில நூல் கட்டிப் பறக்கவிடுறது, மைனாப் பொந்துல கையை விட்டு முட்டை எடுக்கிறது, தேன்கூட்டுல தீப்பந்தம் வைக்கிறது, எல்லாம் செஞ்சிருக்கேன். மரத்தடியிலயே வளர்ந்தா மரத்து மேல பாசம் வந்துரும்னா, எங்க ஊர்ல ஒரு மரத்தைக்கூட எவனும் வெட்டியிருக்கக் கூடாது. நான் கவட்டையை விட்டது எட்டாம் வகுப்புல. ஞானம் வந்து இல்லை. கிரிக்கெட் வந்துச்சு.

பறவை ஆராய்ச்சியில பெரிய பேரு சலீம் அலி. அவரும் சின்னப் பையனா ஏர்கன் வச்சுச் சிட்டுக்குருவி சுட்டவர்தான். ஒரு நாள் சுட்ட குருவியோட தொண்டையில மஞ்சளா ஒரு திட்டு இருந்துச்சு. இது என்ன குருவின்னு அவருக்குக் குழப்பம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போறார். அங்க செயலாளரா இருந்தவர் மில்லர்டுன்னு ஒரு வெள்ளைக்காரர். "ஏண்டா பாவி குருவியைச் சுட்டே"ன்னு அவர் கேட்கலை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டுன்னு சொல்லி, அலமாரி இழுப்பறைகளைத் திறந்து, அவங்க சேர்த்து வச்சிருந்த பறவைகளை ஒண்ணொண்ணாக் காட்டியிருக்கார். அந்தப் பையன் வாழ்க்கையே அதோட திரும்பிருச்சு. பின்னாடி தன் வரலாறு எழுதினப்ப, புத்தகத்துக்குப் பேரே ஒரு குருவி விழுந்ததை வச்சுத்தான் வச்சார்.

நான் அடிச்ச ஓணானை எடுத்துக்கிட்டுப் போய்க் காட்ட எனக்கு ஒரு ஆள் இல்லை. எங்க ஐயா இருந்தார், அப்பாவோட அப்பா. அவர் பார்த்தா முதுகுல ரெண்டு வைப்பார், அதோட சரி. ஏன் அடிக்கக் கூடாதுன்னு அவரும் சொல்லலை, நானும் கேட்கலை. ஓணான் என்ன திங்கும், எங்க முட்டை வைக்கும், ஏன் தலையைத் தலையை ஆட்டும்னு யாராவது ஒரு மணி நேரம் என்கூட உட்கார்ந்து பார்த்திருந்தா நான் அடிச்சிருக்க மாட்டேன்னுதான் இப்பத் தோணுது.

அப்ப பிள்ளைகள் எப்படித்தான் கத்துக்குதுங்க? எங்க ஊர்ல இருந்து பைக்ல முக்கால் மணி நேரத்துல கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்னு சொன்னாத் தெரியும், திருப்பத்தூர் பக்கம். மதுரைப் பக்கம் வர்றவங்க மழைக்காலம் முடியுற நேரமா ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம். சேர்ந்தாப்புல மூணு கண்மாய். கண்மாய்க்குள்ள கருவேல மரங்கள். மழை தொடங்கித் தண்ணி ஏறுனதும் நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம்னு வந்து மரம் கொள்ளாமக் கூடு கட்டும். 1977-ல அரசாங்கம் சரணாலயம்னு அறிவிச்சுது. ஆனா போர்டு மாட்டினதால மட்டும் பறவை வரலை. அந்த ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்லை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை, தலைமுறை தாண்டிடுச்சு. கல்யாணம், திருவிழான்னாலும் பெரிய சத்தம் வைக்க மாட்டாங்க. தீபாவளி வர்ற நேரமும் பறவை கூடு கட்டுற நேரமும் ஒண்ணு. ஒரு ஆயிரம்வாலா போட்டாப் போதும், கூட்டை விட்டுட்டுக் கிளம்பிரும். வனத்துறைக்காரங்க தீபாவளி சமயம் அந்தப் பிள்ளைகளுக்கு ஸ்வீட் கொண்டுபோய்க் கொடுக்கிறாங்க.

தீபாவளிக்கு வெடி இல்லைன்னா ஒரு எட்டு வயசுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம்! தூரத்து ஊர்ல எல்லாம் வானம் வெடிச்சுக்கிட்டு இருக்கும், இங்க சத்தமே இருக்காது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர்கிட்ட ஒரு தடவை பேசிக்கிட்டு இருந்தப்ப, "பிள்ளைக அழுகாதாய்யா?"ன்னு கேட்டேன். "அழுகத்தான்யா செய்யும். நாங்களும் சின்னப் பிள்ளையில அழுதோம்ல. இப்ப எங்க அண்ணன் வீட்டுப் பய, மெட்ராஸ்ல இருந்து வந்தவன், பையில ஒரு சரம் கொண்டு வந்துட்டான். இங்க இருக்கிற பொடிசுகதான் பிடுங்கி ஒளிச்சு வச்சுருச்சுக"ன்னார். சிரிப்பு தாங்கலை அவருக்கு.

இதுல நான் பார்க்கிற விஷயம் ஒண்ணுதான். அந்த ஊர்ல பெரியவங்க பிள்ளைகிட்ட "பறவையை நேசி"ன்னு சொல்லிட்டு, தான் மட்டும் வெடி வெடிக்கலை. வெடி எல்லாருக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை. ஊரே ஒண்ணை விட்டுக்கொடுக்குது, பிள்ளை அதைப் பார்க்குது. வருஷா வருஷம் பார்க்குது. விட்டுக்கொடுத்ததுக்குக் கைமேல பலனும் வாசல்லயே நிக்குது, கண்மாய் பூரா வெள்ளையா. இதை எந்தப் புராஜெக்ட்லயும் செஞ்சு காட்ட முடியாது.

ஊரைப் பத்திச் சொல்லிட்டேன், என் கதையைச் சொல்லாம விட்டா நல்லா இருக்காது. இதை எழுத ரொம்ப நாள் யோசிச்சேன்.

நான் முழு இயற்கை விவசாயி இல்லை. ரசாயன உரத்தைப் பாதிக்கு மேல குறைச்சிருக்கேன், ஆனா பூச்சி கட்டுக்கு மீறினா மருந்து அடிக்கிறவன்தான். ரெண்டு வருஷம் முன்னாடி கார்த்திகையில நெல்லுக்கு இலைச்சுருட்டுப் புழு விழுந்துச்சு. வேப்பெண்ணெய் அடிச்சும் நிக்கலை. கடைக்காரர் ஒரு மருந்து கொடுத்தார், அடிச்சேன். அடிச்சு முடிச்சுட்டு, எங்க அப்பா காலத்துல இருந்து எல்லாரும் செய்யுற மாதிரியே, ஸ்பிரேயரை வாய்க்கால்ல வச்சுக் கழுவினேன். டப்பாவையும் அதுலயே அலசிக் கரையில வீசினேன். மகள் வரப்புல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தா.

"அப்பா, அந்த டப்பாவுல மஞ்சள் கலர் போட்டிருக்கே, அப்படின்னா என்ன?"

பூச்சி மருந்து டப்பாவுல விஷத்தோட அளவைக் காட்ட நாலு நிறம் உண்டு. சிவப்பு ரொம்பக் கொடியது, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாப் பச்சை. (பச்சைன்னா இயற்கை மருந்துன்னு அர்த்தம் இல்லை, அதுவும் விஷம்தான், வீரியம் குறைச்சல். நிறைய விவசாயிகளே இதுல ஏமாந்துருவாங்க.) நான் அவளுக்கு விளக்கமாச் சொன்னேன். அப்பன் விஷயம் தெரிஞ்சவன்னு காட்டிக்கிற ஆசை.

"அப்ப மஞ்சள் ரெண்டாவது பெரிய விஷமா?"

"ஆமா தாயி."

"இந்த வாய்க்காத் தண்ணி கீழ ஊரணிப் பக்கம்தானே போகுது? நாம மீன் பிடிப்போமே, அங்க?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நாலு மணி நேரம் டேங்க்கை முதுகுல சுமந்த வலி, மருந்துக்குக் கொடுத்த காசு, பயிர் தேறுமோ தேறாதோங்கிற பயம், எல்லாம் சேர்ந்து, "வாயாடாம வீட்டுக்குப் போடி"ன்னு கத்திட்டேன். அவ ஒண்ணும் பேசலை. எழுந்து போயிட்டா. அந்தப் பார்வை எனக்குத் தெரிஞ்ச பார்வை. நாவக்கன்றோட கறுப்புக் கவரைப் பார்த்து நின்னாளே, அதே பார்வை. இந்தத் தடவை கவர் என் கையில இருந்துச்சு.

மறுநாள் காலையில போய்க் கரையில கிடந்த டப்பாவைப் பொறுக்கினேன். என்னோடது ஒண்ணு, மத்தவங்களோடது பதினாலு. பதினஞ்சு டப்பா ஒரே கரையில. அதுக்கப்புறம் ஸ்பிரேயரை வயல்லயே ஒரு குடம் தண்ணி ஊத்தி அலசி, அந்தத் தண்ணியை அதே வயல் ஓரத்துலயே அடிச்சு விட்டுடுறேன். காலி டப்பாவை ஓட்டை போட்டுச் சாக்குல கட்டி வைக்கிறேன். சாக்கு நிறைஞ்சா எங்க கொடுக்கிறதுங்கிறது பெரிய கேள்வி. கடைக்காரர் வாங்க மாட்டேங்கிறார். மூணு சாக்கு கொட்டகையில நிக்குது. அதையும் மறைக்காம மகள்கிட்ட சொல்லியிருக்கேன், அப்பாவுக்கு இதுக்கு இன்னும் வழி தெரியலைன்னு. மன்னிப்புன்னு வாய் திறந்து கேட்கலை. நம்ம ஊர் அப்பன்களுக்கு அது வராது. ஆனா அடுத்த தடவை மருந்து அடிச்சப்ப அவளைக் கூப்பிட்டு, நான் எங்க கழுவுறேன்னு பார்க்கச் சொன்னேன். வந்து பார்த்தா. "ம்"முன்னா.

இப்பத் தம்பி மகன் கதைக்கு வர்றேன், ஏன்னா இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப்பேர் வீட்டுல அவனை மாதிரி ஒருத்தன் இருப்பான். சென்னையில மூணாவது மாடி. ஒன்பது வயசு. கெட்டிக்காரப் பய. பனிக்கரடி, ஓசோன் ஓட்டை, கடல் மட்டம், எல்லாம் மணி மணியாச் சொல்வான். போன வருஷம் காலாண்டு லீவுக்கு வந்திருந்தான். வந்த அன்னைக்கே அப்பத்தாவை மடக்கிட்டான், விறகு அடுப்பு எரிச்சா பூமி சூடாகும்னு. எங்க ஆத்தா, "ஏன்டா, நீ வந்த ஏசி பஸ்ஸு எதுலடா ஓடுச்சு?"ன்னு கேட்டுச்சு. அதுக்குப் பதில் இல்லை அவன்கிட்ட.

விளையாட்டு அதோட முடியலை. மூணாம் நாள் ராத்திரி மொட்டை மாடியில படுத்திருந்தோம். "பெரியப்பா, நாங்கள்லாம் பெரியவங்களாகும்போது தண்ணியே இருக்காதாமே? உலகமே அழிஞ்சிடுமாமே?"ன்னு கேட்டான். குரல் நடுங்குச்சு. 2019-ல சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்களே, அந்தக் கோடையில அவன் கைக்குழந்தை. அவனுக்கு நினைவு இருக்க வழியில்லை. ஆனா வீட்டுல பேச்சு, பள்ளிக்கூடத்துல வீடியோ, எல்லாம் சேர்ந்து அவன் மனசுல ஒரு பேய் மாதிரி உட்கார்ந்திருக்கு. பல ராத்திரி இதை நெனச்சுத் தூக்கம் வர்றதில்லைன்னான்.

நாம இந்தப் பிள்ளைகளுக்கு அக்கறை சொல்லித்தர்றோம்னு நெனச்சுக்கிட்டுப் பயத்தைச் சொல்லித்தர்றோம். பயந்த பிள்ளை ஒண்ணையும் காப்பாத்தாது. கண்ணை மூடிக்கும். பூமி முழுசும் ஒரு ஒன்பது வயசுத் தோளுக்குத் தாங்குமா? பெரியவன் எனக்கே தாங்கலை.

பதில் சொல்ல எனக்குத் தெரியலை. மறுநாள் காலையில கூட்டிக்கிட்டுப் போனேன். எங்க கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்காலை மழைக்கு முன்னால சுத்தம் பண்ற வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு. எங்க பக்கம் கண்மாய் எல்லாம் சங்கிலி மாதிரி. மேல் கண்மாய் நிறைஞ்சா கலுங்கு வழியா மறுகால் பாயும், அந்தத் தண்ணி அடுத்த கண்மாய்க்கு. நடுவுல எங்கேயாவது அடைச்சா கீழ ஊருக்குத் தண்ணி கிடையாது. ரோட்டுக்குக் கீழ ஒரு குழாய்ப் பாலம். அதுல தண்ணிப் பாட்டில், கேரி பேக், கல்யாண மண்டபத்து டம்ளர் எல்லாம் அடைச்சுக் கிடந்துச்சு. 2019 ஜனவரியில இருந்து இதுல பாதிச் சாமானுக்குத் தடை, பேருக்கு. பெரியவங்களுக்கு அந்தக் குழாய்க்குள்ள குனிய முடியாது. என் மகளும் அவனும் கையில உறை மாட்டிக்கிட்டு உள்ள போனாங்க. முதல்ல "உவ்வே"ன்னான். அரை மணி நேரத்துல, யார் அதிகம் எடுக்கிறதுன்னு போட்டி ஆயிடுச்சு. மூணு உரச்சாக்கு நிறைஞ்சுது. நீர்பாய்ச்சி அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து, "இந்த வருசம் மடைத் தண்ணியில உனக்கும் ஒரு பங்கு உண்டுடா"ன்னார். அவன் அதை நிஜமா எடுத்துக்கிட்டான்.

ஐப்பசியில மழை பிடிச்சுது. ஒரு நாள் காலையில தண்ணி அந்தக் குழாய் வழியா நுரையோட பாயுறதை என் மகள் வீடியோ காலில் அவனுக்குக் காட்டினா. அவன் போட்ட சத்தத்துல அடுத்த பிளாட்காரங்க வந்து கதவைத் தட்டினாங்களாம். உலகம் அழியுமான்னு அதுக்கப்புறம் கேட்கவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். கேட்கிறான். ஆனா இப்ப அது கூடவே, "அந்தக் குழாய் மறுபடி அடைச்சிருக்கா பெரியப்பா?"ன்னும் கேட்கிறான்.

உங்களுக்கு வரத்துக்கால் இல்லை, தெரியும். மூணாவது மாடியில என்ன செய்யுறதுன்னு கேட்பீங்க. தம்பி பொண்டாட்டிக்கு நான் சொன்னதையே சொல்றேன். பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போய் உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி எந்த ஏரியில இருந்து வருதுன்னு ஒரு தடவை காட்டுங்க. செம்பரம்பாக்கம் ஒண்ணும் தூரம் இல்லை. வீட்டுக் குப்பை எங்க போகுதுன்னும் காட்டுங்க. பெருங்குடியோ கொடுங்கையூரோ ரோட்டுல நின்னு பார்த்தாலே போதும், பிரசங்கம் தேவையில்லை. தெருவுல ஒரே ஒரு மரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வருஷம் முழுக்கப் பாருங்க. புங்க மரமா இருந்தா மாசி, பங்குனியில இலை கொட்டி, கொஞ்ச நாள்லயே பளபளன்னு தளிர் விடும். அந்த மரத்துக்குப் பிள்ளையே ஒரு பேரு வைக்கட்டும். எவனாவது அதுல ஆணி அடிச்சு டியூஷன் போர்டு மாட்டினா, அன்னைக்கு நீங்க பிள்ளையோட போய் அந்த ஆணியைப் பிடுங்கணும். அது ரொம்ப முக்கியம். "நமக்கெதுக்கு வம்பு"ன்னு இழுத்துக்கிட்டு வந்துட்டீங்கன்னா, அதுவரைக்கும் சொல்லித்தந்தது அவ்வளவும் போச்சு.

தொட்டியில வெந்தயம் போடலாம், மூணு நாலு நாள்ல முளைக்கும், சின்னப் பிள்ளையோட பொறுமைக்கு அது சரி. அவரைக்காய் போட்டா அசுவினி வரும். வரட்டும். அதைத் திங்கப் பொறிவண்டு வருதான்னு சேர்ந்து பாருங்க. செடி செத்தா ஏன் செத்துச்சுன்னு பிடுங்கிப் பார்க்கவும் விடுங்க. புதுசா ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்து மறைக்காதீங்க. வீட்டுல குளிருதுன்னு போர்வையைப் போர்த்திக்கிட்டு ஏசியை இருபதுல வச்சுத் தூங்குற அப்பன், பிள்ளையைப் பனிக்கரடி வரையச் சொல்லக் கூடாது. தம்பி இதைப் படிப்பான். படிக்கட்டும்.

அந்தக் காலாண்டு லீவுல இன்னொரு வேலையும் செஞ்சோம். புரட்டாசி இல்லையா, பனம்பழம் விழுந்து முடிஞ்சு கொட்டைகள் காட்டுல கிடந்துச்சு. ரெண்டு பேருமாப் பொறுக்கி நாப்பது கொட்டை சேர்த்தாங்க. கவரும் இல்லை, அட்டையும் இல்லை, விருந்தினரும் இல்லை. கண்மாய்க் கரையோட வெளிச்சரிவுல ஆளுக்கு இருபது, குழி தோண்டினதும் மூடினதும் அவங்களே. பனைக்குத் தண்ணி ஊத்த வேண்டியதில்லை. முளை முதல்ல மேல வராது, கீழதான் போகும். அதைத்தான் தை மாசம் தோண்டிக் கிழங்குன்னு திங்கிறோம். மேல ஓலை தலை காட்ட மாசக்கணக்கா ஆகும். காய்க்கிறதுக்குப் பன்னெண்டு, பதினஞ்சு வருஷம் போகணும். "அப்ப நான் காலேஜ் முடிச்சிருப்பேன்"னு கணக்குப் போட்டான் தம்பி மகன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அதுவரைக்கும் இந்தக் கரை இருக்கும்ல பெரியப்பா?"ன்னான். கரையை வெட்டாமப் பார்த்துக்கிட்டா இருக்கும்னேன்.

சித்திரையில ஒரு தடவை போய்ப் பார்த்தப்ப மகளோட இருபதுல ஏழு, ஒற்றை ஓலையா ஈட்டி மாதிரி வெளிய வந்திருந்துச்சு. ரெண்டை யாரோ கிழங்குக்குத் தோண்டியிருக்காங்க. தம்பி மகனோட பக்கம் மூணுதான். அவன்கிட்ட அஞ்சுன்னு சொல்லலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. மகள் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா. மூணுன்னே சொன்னேன்.

"மத்தது செத்துப் போச்சா, இல்லை இன்னும் வரலையா?"ன்னு கேட்டான்.

எனக்கும் அது தெரியலை. தோண்டிப் பார்த்தா முளை உடைஞ்சிரும். காலாண்டு லீவுக்கு வர்றேன், நானே பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்கான்.